மருந்துச் சீட்டில் எழுதாத பாதி



ஒரு மருந்துக்கடைக்காரரின் நினைவாக நடக்கும் சொற்பொழிவு இது என்று சொன்னதும், எதைப் பேசுவது என்று நான் யோசிக்க வேண்டியிருக்கவில்லை. மருத்துவர் எழுதும் சீட்டுக்கும் நோயாளி விழுங்கும் மாத்திரைக்கும் நடுவே நிற்பவர் மருந்துக்கடைக்காரர். அந்த இடத்தில் எத்தனையோ தவறு நடப்பதையும் பார்த்திருக்கிறேன், எத்தனையோ உயிர் காப்பாற்றப்பட்டதையும் பார்த்திருக்கிறேன். இரண்டிலும் அடிக்கடி தலைகாட்டுவது ஒரு சின்ன வெள்ளை மாத்திரை. புத்தகத்தில் அதற்குச் சிறுநீர்ப்பெருக்கி என்று பெயர். மக்கள் 'நீர் மாத்திரை' என்கிறார்கள். நானும் அப்படியே சொல்கிறேன்.

முதலில் ஒரு சொல்லைப் பற்றிப் பேச வேண்டும். சிறுநீரகப் பிரிவின் புறநோயாளிகள் வரிசையில் உட்காரும் பலர் வந்ததும் சொல்வது, "டாக்டர், உப்பு ஏறிப்போச்சு." அவர்கள் சொல்லும் உப்பு கிரியாட்டினின். தசையில் உண்டாகி, சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கழிவு அது. இரத்தத்தில் அதன் அளவு கூடினால் சிறுநீரகத்தின் வேலை குறைந்துவிட்டது என்று பொருள். கூட வந்த மகன் அடுத்ததாகச் சொல்வார்: "உப்பு இறங்கத்தான் நீர் மாத்திரை குடுத்திருக்காங்க." இங்கேதான் வினை. நீர் மாத்திரை வெளியேற்றுவது சமையலறை உப்பை, அதாவது சோடியத்தை. கிரியாட்டினினை அது இறக்காது. அளவு மீறினால் ஏற்றிவிடும். நம் பேச்சில் இரண்டு பொருளுக்கும் ஒரே சொல் இருப்பதால், சிறுநீர் நிறையப் போனால் சிறுநீரகம் தேறுகிறது என்று குடும்பமே நம்பிவிடுகிறது. மக்களை மட்டும் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. கால் வீங்காத, மூச்சு வாங்காத நோயாளிக்குக் கிரியாட்டினின் எண்ணைப் பார்த்தவுடனே நீர் மாத்திரை எழுதிய சீட்டுகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். அவை படித்தவர்கள் எழுதியவை.

சிறுநீரகம் ஒரு நாளைக்குச் சுமார் 180 லிட்டர் நீரை வடிகட்டுகிறது. வெளியே போவது ஒன்றரை லிட்டர் அளவுதான். மீதி அவ்வளவும், கரைந்திருக்கும் உப்போடு சேர்ந்து, நுண்குழாய்களின் சுவர் வழியாக இரத்தத்துக்கே திரும்பிவிடுகிறது. வடிகட்டிய சோடியத்தில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு குழாயின் முதல் பகுதியிலேயே திரும்பும். அடுத்து வரும் ஹென்லி வளைவின் ஏறும் பகுதியில் கால் பங்கு. அதைத் தாண்டிய பகுதியில் நூற்றுக்கு 5 அளவு, கடைசிக் குழாயில் இன்னும் கொஞ்சம். நீர் மாத்திரைகளின் வேலை இந்தத் திரும்பும் வாசல்களை அடைப்பது. ஃப்ரூசமைடு ஹென்லி வளைவின் வாசலை அடைக்கிறது, அதனால்தான் அதற்கு அத்தனை வேகம். தயசைடு வகை அடுத்த சின்ன வாசலை அடைக்கிறது. ஸ்பைரோனோலாக்டோன் கை வைப்பது கடைசி வாசலில். அங்கே சோடியம் உள்ளே வரும்போது பொட்டாசியம் வெளியே போகும். அதைத் தடுத்தால் பொட்டாசியம் உடம்பில் தங்கும். இந்த ஒரு வரியை மாணவர்கள் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு அதற்கு வருகிறேன்.

உப்பு இருக்கும் இடத்தில் நீர் தங்கும். எவ்வளவு தங்கும் என்பதற்கு ஆஸ்பத்திரியில் தொங்கும் சலைன் பாட்டிலே கணக்கு. ஒரு லிட்டர் சலைனில் 9 கிராம் உப்பு. உடம்பில் 9 கிராம் உப்பு கூடுதலாகத் தங்கினால் ஒரு லிட்டர் நீரும் கூடவே தங்கும், எடை ஒரு கிலோ ஏறும். ஊறுகாய், கருவாடு, அப்பளம் எல்லாம் இந்தக் கணக்கில் வருகின்றன. இந்துப்புக்கு மாறிவிட்டோம் என்று சிலர் நிம்மதியாகச் சொல்வார்கள். இந்துப்பிலும் இருப்பது பெரும்பாலும் அதே சோடியம் குளோரைடுதான். ஃப்ரூசமைடு மாத்திரையின் வேலை ஏறக்குறைய ஆறு மணி நேரம். மீதி பதினெட்டு மணி நேரமும் சிறுநீரகம் இழந்த உப்பை மீட்கப் பார்த்துக்கொண்டே இருக்கும். காலையில் மாத்திரையும் இரவில் கருவாட்டுக் குழம்பும் என்றால் இரண்டும் கழிந்து கணக்கு பழைய இடத்தில் வந்து நிற்கும்.

இந்த மருந்து வேலை செய்யும் விதத்தில் ஒரு தனித்தன்மை உண்டு. ஏரி நிரம்பிக் கலங்கலின் மட்டத்தைத் தொடாதவரை ஒரு சொட்டும் வழியாது. ஃப்ரூசமைடும் அப்படித்தான். அது இரத்தத்தில் ஆல்புமினைப் பற்றிக்கொண்டு வந்து, குழாயின் முதல் பகுதியால் உள்ளே தள்ளப்பட்டு, குழாய்க்குள்ளிருந்துதான் தன் வாசலை அடைகிறது. சிறுநீரகம் பழுதானால் உள்ளே சேரும் மருந்து குறைந்துவிடும், கலங்கல் மட்டத்தை எட்டாது. வாய்வழி கொடுத்த மாத்திரையில் சராசரியாகப் பாதிதான் இரத்தத்தில் சேர்கிறது. குடலும் வீங்கியிருந்தால் அது சேர இன்னும் தாமதமாகும். ஆகவே முற்றிய சிறுநீரக நோயில் 20 மில்லிகிராமைக் காலையும் மாலையும் கொடுப்பது இரண்டு முறையும் கலங்கலுக்குக் கீழேயே நிற்பது போன்றது. அளவைக் கூட்டி ஒரே வேளையாக, 80 ஆகவோ தேவைப்பட்டால் 160 ஆகவோ கொடுத்தால்தான் வழியும். பெரிய அளவைக் கண்டு பயந்து சின்ன அளவை மூன்று வேளையாகப் பிரித்து எழுதுவதைப் பாதுகாப்பு என்று நினைக்கிறார்கள். அதில் நோயாளிக்கு மருந்தின் தொல்லை உண்டு, பயன் இல்லை. கலங்கல் வழிந்த பிறகு மேலும் மேலும் கூட்டுவதாலும் லாபம் கிடையாது. ஊசியாகப் போடும்போது நிமிடத்துக்கு 4 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. 80 மில்லிகிராம் என்றால் இருபது நிமிடம். அவசரத்தில் ஒரே தள்ளாகத் தள்ளினால் காதுக்குள் இரைச்சல் வரும். கூடவே ஜென்டாமைசின் போன்ற மருந்தும் ஓடினால் கேட்கும் திறனே போகலாம்.

இனி ஒரு மஞ்சள் பையைத் திறக்கிறேன்.

அறுபத்தெட்டு வயது அம்மா. கிராமத்திலிருந்து மகள் அழைத்துவந்தார். மூன்று நாளாகச் சிறுநீர் சரியாகப் போகவில்லை, சோர்ந்து கிடந்தார். கிரியாட்டினின் ஆறைத் தாண்டியிருந்தது. மகள் மஞ்சள் பையை மேசை மேல் கவிழ்த்தார். கத்தரியால் வெட்டிய மாத்திரை அட்டைத் துண்டுகள் கொட்டின. ஒன்றில் பெயரின் கடைசி நான்கு எழுத்து இருந்தது. இன்னொன்றில் விலை மட்டும். ஒன்றில் ஒன்றுமே இல்லை, வெறும் வெள்ளித்தாள். அரைமணி நேரம் அந்தத் துண்டுகளை ஒட்டுப்போட்டு நாங்கள் படித்த கதை இது.

இரத்த அழுத்தத்துக்கு அம்லோடிபின் 5 மில்லிகிராம் சாப்பிட்டு வந்தார். அது 10 ஆயிற்று. மாலையில் கணுக்கால் வீங்கியது. அம்லோடிபின் நுண்தமனிகளைத் தளர்த்துவதால் வரும் வீக்கம் அது. உப்பு தேங்கி வருவதில்லை, அதனால் நீர் மாத்திரைக்கு அவ்வளவாகக் கட்டுப்படாது. ஆனால் வேறோர் இடத்தில் காட்டியபோது வீக்கத்துக்கு ஃப்ரூசமைடு 40 கொடுத்தார்கள். வீக்கம் வடியவில்லை, 80 ஆக்கினார்கள். இரவில் கெண்டைக்கால் குரக்களி பிடித்து இழுத்தது. வலிக்கு டைக்ளோஃபெனாக். அதற்குள் அழுத்த மாத்திரையோடு டெல்மிசார்டனும் சேர்ந்திருந்தது. சித்திரை வெயிலில் இரண்டு நாள் வயிற்றுப்போக்கு. அந்த இரண்டு நாளும் ஒரு மாத்திரையைக் கூட விடவில்லை. "மாத்திரையை மட்டும் நிறுத்தக்கூடாதுன்னு சொல்லியிருக்காங்கய்யா" என்றார்.

இரண்டு முறை டயாலிசிஸ் செய்ய வேண்டியிருந்தது. புதிய மருந்து எதுவும் கொடுக்கவில்லை. ஃப்ரூசமைடையும் டைக்ளோஃபெனாக்கையும் அடியோடு நிறுத்தினோம். டெல்மிசார்டனைத் தற்காலிகமாக நிறுத்தினோம், அம்லோடிபினைக் குறைத்தோம். கால் வீக்கம் வடிந்தது. மூன்று வாரத்தில் கிரியாட்டினின் ஒன்றரைக்கு வந்தது. சீட்டு எழுதிய ஒவ்வொருவரும் தன் முன்னால் இருந்த ஒரு தொந்தரவுக்கு மருந்து எழுதினார். முந்தைய மருந்துதான் அந்தத் தொந்தரவு என்று யாருக்கும் தோன்றவில்லை. இப்படி மருந்துக்கு மருந்தாக நீளும் சங்கிலியை 1990களில் பாலா ரோச்சன், ஜெர்ரி கர்விட்ஸ் என்ற இருவர் தெளிவாக விளக்கி எழுதினார்கள். முதியவருக்குப் புதிய தொந்தரவு வந்தால், வேறுவிதமாக நிரூபணமாகும்வரை அதை மருந்தின் விளைவாகவே சந்தேகிக்க வேண்டும் என்பது அதன் சாரம். எங்கள் வார்டில் நான் இதைத் தினமும் சொல்வேன்.

நீர் மாத்திரை, சார்டன் அல்லது பிரில் வகை அழுத்த மாத்திரை, வலி மாத்திரை, இந்த மூன்றும் ஒன்றுசேர்வது சிறுநீரகத்துக்கு மூன்று பக்கத்து அடி. முதலாவது உடலின் நீரைக் குறைக்கிறது. இரண்டாவது வடிகட்டியின் வெளிவாசல் தமனியைத் தளர்த்துகிறது. மூன்றாவது உள்வாசல் தமனியைச் சுருங்க வைக்கிறது. வடிகட்டத் தேவையான அழுத்தம் எங்கிருந்து வரும்? 2013-இல் பிரிட்டனின் நோயாளிப் பதிவேடுகளைக் கொண்டு செய்த பெரிய ஆய்வில், இந்த மூன்றையும் சேர்த்துச் சாப்பிட்டவர்களுக்குத் திடீர்ச் சிறுநீரகச் செயலிழப்பின் அபாயம் 31 சதவீதம் கூடியிருந்தது. சேர்த்துத் தொடங்கிய முதல் 30 நாளில் அது 82 சதவீதம். டைக்ளோஃபெனாக்கோ ஐபுப்ரோஃபெனோ கேட்டு வருபவரிடம் "நீர் மாத்திரை சாப்பிடுறீங்களா?" என்று கேட்க ஒரு மருந்தாளுநருக்கு எத்தனை விநாடி ஆகும்?

நீர் மாத்திரை எப்போதும் தன் பெயரில் வருவதில்லை என்பதையும் அவர் நினைவில் வைக்க வேண்டும். அழுத்த மாத்திரைப் பெயரின் வாலில் 'எச்' என்ற ஓர் எழுத்து தொற்றிக்கொண்டிருந்தால் உள்ளே ஹைட்ரோகுளோரோதயசைடு இருக்கிறது. வயதான, மெலிந்த பெண்களுக்கு அது இரத்தத்தின் சோடியத்தை இறக்கிவிடும், பெரும்பாலும் தொடங்கிய சில வாரங்களுக்குள். தடுமாற்றம், உளறல், பேரன் பெயர் மறப்பது. வீட்டில் வயசாச்சு என்று விட்டுவிடுவார்கள். ஓர் இரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும் விஷயம்.

இன்னொரு ஜோடி, ஃப்ரூசமைடும் ஸ்பைரோனோலாக்டோனும் ஒரே மாத்திரையாக வருவது. ஒன்று பொட்டாசியத்தைப் போக்கும், மற்றது தக்கவைக்கும், ஆகவே சமன் என்ற எண்ணத்தில் எழுதுகிறார்கள். பழுதான சிறுநீரகத்தில் அந்தச் சமன் நிற்காது. 1999-இல் ரேல்ஸ் என்ற ஆய்வு, கடுமையான இதயச் செயலிழப்பில் ஸ்பைரோனோலாக்டோன் 25 மில்லிகிராம் இறப்பை 30 சதவீதம் குறைத்ததைக் காட்டியது. அருமையான முடிவு. ஆனால் கிரியாட்டினின் 2.5-க்கு மேல் இருந்தவர்களை அந்த ஆய்வில் சேர்க்கவே இல்லை. முடிவு வெளிவந்ததும் கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் மருத்துவர்கள் இந்த மருந்தை எழுதித் தள்ளினார்கள். இதயச் செயலிழப்புள்ள முதியவர்களிடையே பொட்டாசியம் ஏறி மருத்துவமனையில் சேர்ந்தவர்கள் 1994-இல் ஆயிரத்துக்கு 2.4 பேர், 2001-இல் 11 பேர். மருந்தில் கோளாறில்லை. ஆய்வில் அளவோடு கொடுத்து, இரத்தம் எடுத்துப் பார்த்துப் பார்த்துச் செய்ததை, வெளியே பார்க்காமல் செய்தார்கள். நம் ஊரில் இதோடு வேறு சிலவும் சேரும். கோடையில் உடம்புக்குக் குளிர்ச்சி என்று இளநீர். ஓர் இளநீரில் பொட்டாசியம் அரை கிராமைச் சுலபமாகத் தாண்டும். சிறுநீரகத்துக்கு நல்லது என்று வாழைத்தண்டுச் சாறு. சோடியம் குறைந்த உப்பு என்று கடையில் விற்பதில் பொட்டாசியம் குளோரைடு. நல்ல சிறுநீரகத்துக்கு இவற்றில் எதுவும் கெடுதலில்லை. ஸ்பைரோனோலாக்டோன் சாப்பிடும் சிறுநீரக நோயாளிக்கு இவை சேர்ந்தால் இதயத் துடிப்பே நின்றுபோகலாம்.

இவ்வளவும் கேட்டுவிட்டு யாரும் நீர் மாத்திரைக்குப் பயந்து போகக் கூடாது. பயத்தாலும் மனிதர் சாகிறார்கள். நுரையீரலில் நீர் கோத்து, படுக்க முடியாமல், இரவெல்லாம் உட்கார்ந்தபடியே மூச்சுக்குத் தவிக்கும் ஒருவருக்குக் கிரியாட்டினின் 1.8-இலிருந்து 2.1 ஆகிவிட்டது என்று ஃப்ரூசமைடை நிறுத்தினால் அது பெருந்தவறு. வீக்கம் வடியும்போது அந்த எண் கொஞ்சம் ஏறும். மனிதர் தேறிவருகிறாரா என்று பார்க்க வேண்டும். தயசைடைப் பற்றியும் ஒரு பழைய முடிவு மாறியிருக்கிறது. வடிகட்டும் திறன் 30-க்குக் கீழே போனால் தயசைடு வகை பயன்படாது என்றுதான் எங்களுக்குப் பாடம் நடத்தினார்கள், நானும் அப்படியே நடத்தினேன். 2021-இல் அமெரிக்காவில் ராஜீவ் அகர்வால் குழுவினர் நான்காம் நிலைச் சிறுநீரக நோயாளிகள் 160 பேரிடம் குளோர்தாலிடோனை 12.5 மில்லிகிராமில் தொடங்கிப் பார்த்தார்கள். 12 வாரத்தில் இரத்த அழுத்தத்தின் மேல் எண் 11 புள்ளி இறங்கியது, வெற்று மாத்திரை சாப்பிட்டவர்களுக்கு அரைப் புள்ளி. ஆனால் குளோர்தாலிடோன் சாப்பிட்டவர்களுக்குப் பொட்டாசியக் குறைவும், குறிப்பாக ஏற்கெனவே ஃப்ரூசமைடு வகையும் சாப்பிட்டவர்களுக்குக் கிரியாட்டினின் ஏற்றமும் அதிகம் வந்தன. கொடுக்கலாம், பார்த்துக்கொண்டே கொடுக்க வேண்டும்.

அந்தக் கிரியாட்டினின் எண்ணையும் தனியாக நம்ப முடியாது. 25 வயது ஆணுக்கு 1.4 என்றால் வடிகட்டும் திறன் சுமார் 71. எழுபது வயது மூதாட்டிக்கு அதே 1.4 என்றால் சுமார் 40. தசை குறைந்த உடம்பில் கிரியாட்டினின் குறைவாகத்தான் உண்டாகும். பரிசோதனை அறிக்கையில் 'சற்றே அதிகம்' என்று அச்சாகும் எண்ணுக்குப் பின்னால் பாதிக்கு மேல் போய்விட்ட சிறுநீரகம் ஒளிந்திருக்கலாம்.

அந்த எண்ணை மட்டும் பார்த்து மருந்து எழுதக் கூடாது என்பதற்கு இன்னோர் உதாரணம். இலங்கையின் வடமத்திய மாகாணத்தில், அனுராதபுரம், பொலன்னறுவைப் பகுதி விவசாயிகளிடையே 1990களிலிருந்து பேசப்படும் காரணம் அறியாச் சிறுநீரக நோயில், தொடக்கத்தில் வீக்கம் பெரும்பாலும் இருக்காது, இரத்த அழுத்தமும் ஏறாது, சிறுநீரில் புரதமும் அதிகம் போகாது. குழாய்ப் பகுதிதான் முதலில் கெடுகிறது. கிரியாட்டினின் ஏறிவிட்டது என்ற ஒரே காரணத்துக்காக, நாள் முழுதும் வெயிலில் வியர்வை சிந்தும் ஒருவருக்கு நீர் மாத்திரை கொடுப்பது இருப்பதையும் வற்றவைப்பதாகும்.

இப்போது என் தவறு ஒன்றைச் சொல்ல வேண்டும். மேற்படிப்புக் காலம். புரதம் ஒழுகி உடம்பெல்லாம் ஊதியிருந்த ஒரு நெசவுத் தொழிலாளி என் பொறுப்பில் இருந்தார். ஃப்ரூசமைடில் நன்றாக வடிந்தது. வீட்டுக்கு அனுப்பும்போது சீட்டின் அடியில் 'தொடரவும்' என்று எழுதினேன். எதுவரை என்று எழுதவில்லை. ஸ்டீராய்டில் அவர் நோய் தணிந்து, ஒழுக்கு நின்று, வீக்கம் வருவதற்கான காரணமே போய்விட்டது. அவர் தொடர்ந்தார். மூன்று மாதம் அதே சீட்டைக் காட்டி வாங்கிச் சாப்பிட்டிருக்கிறார். தறி மிதிக்கக் காலில் வலுவில்லை என்று அவரைத் தூக்கிக்கொண்டு வந்தபோது பொட்டாசியம் 2.4, நாடி தாறுமாறாக ஓடியது. பிழைத்தார். எனக்குக் கும்பிடு போட்டுவிட்டுத்தான் வீட்டுக்குப் போனார். அந்தக் கும்பிடு இன்றுவரை என்னை உறுத்துகிறது. அதன்பின் 'தொடரவும்' என்ற சொல்லை எந்தச் சீட்டிலும் நான் எழுதியதில்லை. எதுவரை, எந்தத் தேதியில் இரத்தப் பரிசோதனை, எந்த எடை வந்தால் குறைப்பது, எந்த நாளில் விழுங்கக் கூடாது, இந்த நான்கும் மருந்தின் பெயருக்குக் கீழே வந்தாக வேண்டும். வாந்தி, வயிற்றுப்போக்கு, சாப்பிட முடியாத காய்ச்சல், இந்த நாட்களில் நீர் மாத்திரையையும் சார்டன், பிரில் வகையையும் விட்டுவிட்டு உடனே எங்களைக் கேளுங்கள் என்று தமிழில் ஒரு முத்திரை செய்து வைத்திருக்கிறேன்.

நேரத்தைப் பற்றியும் எழுத வேண்டும். 'காலை – இரவு' என்று பழக்கத்தில் எழுதிவிடுகிறோம். இரவு 8 மணிக்கு விழுங்கிய நீர் மாத்திரை கிழவரை நள்ளிரவில் மூன்று முறை எழுப்பும், மூன்றாம் முறை வழுக்கி இடுப்பை முறிக்கும். இரண்டாம் வேளை மதியம் 2 மணிக்கு இருக்கட்டும். பூ விற்கும் ஒரு பெண்மணிக்கு மாத்திரை ஏன் கேட்கவில்லை என்று அளவைக் கூட்டிக்கொண்டே போனேன். ஒருநாள் செவிலியரிடம் மட்டும் தனியாகச் சொன்னார். காலை 5 மணி பேருந்தில் போய் மதியம்வரை சந்தையில் உட்கார வேண்டும், ஒதுங்க இடமில்லை, ஆகவே அவர் மாத்திரையைத் தொடுவதே இல்லை. மதியம் வீடு திரும்பியதும் போட்டுக்கொள்ளச் சொன்னோம். பழைய அளவே போதுமாக இருந்தது.

இந்த மருந்துகளின் வரலாறே ஓர் அளவுக் குறிப்பில் தொடங்குகிறது. 1919-இல் வியன்னாவில், ஆல்ஃபிரட் வோகல் என்ற இளைஞர் சிஃபிலிஸ் நோயுற்ற ஒரு பெண்ணுக்குப் பாதரசம் கலந்த புதிய ஊசி மருந்தைப் போட்டார். அந்த வார்டில் நோயாளியின் சிறுநீரைத் தினமும் அளந்து எழுதும் வழக்கம் இருந்தது. ஊசி போட்ட நாட்களில் அளவு மளமளவென்று ஏறியிருப்பதைக் குறிப்பேடு காட்டியது. அளந்து எழுதியவர் ஒரு செவிலியர். சுமார் நாற்பது ஆண்டுகள், தயசைடு வரும் வரை, வீங்கிய நோயாளிகளுக்கு அந்த வகைப் பாதரச ஊசிதான் துணை. தயசைடு 1957-58 வாக்கில் கார்ல் பேயர் குழுவினரிடமிருந்து வந்தது, ஃப்ரூசமைடு 1960களில் ஜெர்மனியிலிருந்து.

மஞ்சள் பை அம்மாவுக்கு இரண்டாண்டு கழித்து உண்மையாகவே நீர் மாத்திரை தேவைப்பட்டது. இதயம் தளர்ந்துவிட்டது. தினமும் காலையில் சிறுநீர் கழித்தபின், காப்பிக்கு முன், எடை பார்த்து எழுதச் சொன்னேன். வீட்டில் தராசு இல்லை. நான் அதை யோசிக்கவில்லை. அடுத்த மாதம் அவர் மஞ்சள் பையைத் திறந்தார். அட்டைத் துண்டுகள் இருந்தன, பெயர் போகாமல் வெட்டிய துண்டுகள், மேலே மருந்துக்கடைப் பையன் பேனாவில் எழுதிய 'நீருக்கு', 'பிரஷருக்கு'. கூடவே நாட்காட்டியிலிருந்து கிழித்த தாள்கள், நூலில் கோத்துக் கட்டியிருந்தார். ஒவ்வொன்றின் பின்புறமும் பேத்தியின் கையெழுத்தில் ஓர் எண். ரேஷன் கடைத் தராசில் ஏறி நின்றிருக்கிறார், கடை திறக்கும் நாளெல்லாம். 51.2, 51.4, 51.1. ஒரு தாளில் 53.

"இது என்னம்மா?" என்றேன்.

"தம்பி மக கல்யாணம்யா. அப்பளமும் ஊறுகாயும் கொஞ்சம் கூடிப்போச்சு. மறுநாள்லேருந்து உப்பைக் கொறைச்சுட்டேன், பாருங்க" என்று அடுத்தடுத்த தாள்களைப் புரட்டிக் காட்டினார். 52.3. 51.6. 51.2.

அன்று நான் மாத்திரையின் அளவை மாற்றவில்லை.